ஒரு வரி மாற்றினால் முழு பைலும் சிவப்பாகிறது, நாலு பேர் எழுதும் கோடை ஒரே மாதிரி வைப்பது எப்படி?

ஷீட்டுக்கடை பையன் கேட்டது:

அண்ணன்மாரே அக்காமாரே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாக வாசியுங்கள். (தலைப்பில் உள்ள கோடை வெயில் காலம் இல்லை, புரோகிராம் கோட். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.)

நான் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் ஷீட்டு எடுக்கிற கடை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து அந்தக் கடைக்கும் தெரிந்த இன்னும் இரண்டு கடைகளுக்கும் கொள்முதல் கணக்கு எழுத ஒரு சாப்ட்வேர் செய்கிறோம். யார் எத்தனை கிலோ ஷீட்டு கொண்டுவந்தார், எந்த கிரேடு, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர்) எவ்வளவு, பாலாகவே கொடுத்தால் டிஆர்சி (பாலில் உள்ள காய்ந்த ரப்பர்) எத்தனை சதவீதம், ஏற்கனவே வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும், இவ்வளவுதான் வேலை. பின்பக்கம் பைத்தான், முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், எல்லாம் கிட்ஹப்பில் (கிட் என்பது யார் எந்த வரியை மாற்றினார் என்று கணக்கு வைக்கும் கருவி, கிட்ஹப் அதற்கான இணையத்தளம்). நான் விண்டோஸ், விஎஸ் கோட். நாகர்கோவில் நண்பன் லினக்ஸ், பைசார்ம். தக்கலை தோழியும் விண்டோஸ்தான். நாலாவது ஆள் பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன், மேக்கில் விம் மட்டும்தான் தொடுவார், அதுவும் சனி ஞாயிறு மட்டும்.

பிரச்சினை என்னவென்றால், போன வாரம் தக்கலை தோழி முன்பணம் கழிக்கிற இடத்தில் இரண்டே வரி மாற்றி புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள் என்கிற கோரிக்கை) போட்டாள். திறந்து பார்த்தால் 640 வரி நீக்கம், 641 வரி சேர்ப்பு. பைல் முழுக்க மேலே சிவப்பு, கீழே பச்சை. சரி, ஏதோ ஸ்பேஸ் மாறியிருக்கும் என்று நினைத்து வாசிக்காமலே மெர்ஜ் செய்துவிட்டேன். தப்பு என்மேல்தான். அந்த 641-க்குள் முன்பணம் இரண்டு முறை கழிகிற மாதிரி ஒரு வரி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் ஒருத்தர் சீட்டோடு கடைக்கு வந்து அப்பாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அப்பாவிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

அன்று இரவு முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை. இரண்டு ஸ்பேஸா நாலு ஸ்பேஸா, ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்று ஆரம்பித்து, நாகர்கோவில்காரன் "டேப் வைக்காதவன் மனுஷனே இல்லை" என்று முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

எனக்குத் தெரிய வேண்டியது: இதற்கு நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? பழைய கோடை ஒரேயடியாகச் சீராக்கிவிடலாமா, இல்லை தொடுகிற பைலை மட்டும் அப்போதைக்கப்போது சரிசெய்தால் போதுமா? இன்னொன்று, கிரேடு வாரியாக விலைப்பட்டியல் ஒன்று கோடுக்குள்ளேயே இருக்கிறது, நான் மெனக்கெட்டு நெடுக்காக எண்ணுக்கு நேர் எண் வருகிற மாதிரி அடுக்கி வைத்தது. ஃபார்மேட்டர் (கோடைத் தானாகவே ஒரே வடிவில் அடுக்கும் கருவி) போட்டால் அது கலைந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?


வடசேரிவாசி பதில்:

தம்பி, உன் குரூப்பில் நடந்த சண்டைக்கும் அந்த 640 வரிக்கும் சம்பந்தமே இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு பைலில் ஒரு வரி விடாமல் அத்தனையும் மாறியதாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வரி முடிவை.

விண்டோஸில் ஒரு வரி முடியும்போது கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள் இருக்கும், எண் 13, எண் 10. பழைய டைப்ரைட்டரில் வண்டியை வலப்பக்கம் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஒரு வரி மேலே உருட்டுவது இன்னொரு வேலை, அந்த மிச்சம்தான் இது. லினக்ஸிலும் மேக்கிலும் 10 மட்டும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கிட்டுக்கு மட்டும் எல்லா வரியும் வேறு வரி. விண்டோஸில் கிட் இன்ஸ்டால் செய்யும்போது இதைப் பற்றி ஒரு கேள்வி வரும், நாம் எல்லோரும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டுப் போவோம். நீ ஒன்றைத் தேர்ந்திருப்பாய், தக்கலைப் பிள்ளை வேறொன்றைத் தேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

உறுதிப்படுத்த, கிட்டின் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை இஓஎல் (வரி முடிவு) ஆப்ஷனோடு ஓட்டு. ஒவ்வொரு பைலும் கிட்டுக்குள் எந்த முடிவோடு இருக்கிறது, உன் மெஷினில் எந்த முடிவோடு இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். சிலதில் மிக்ஸ்டு (இரண்டும் கலந்தது) என்று வந்தால் ஆச்சரியப்படாதே.

சரிசெய்ய, புராஜெக்ட்டின் மேல் போல்டரில் கிட்ஆட்ரிபியூட்ஸ் பைல் ஒன்று வை (பெயருக்கு முன்னால் புள்ளி வரும்). அதில் ஒரே வரி: நட்சத்திரக்குறி, டெக்ஸ்ட் சமம் ஆட்டோ, இஓஎல் சமம் எல்எஃப் (அதாவது 10 மட்டும்). பேட்ச் பைல் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டுவது) எதாவது இருந்தால் அதற்கு மட்டும் தனி வரியில் சிஆர்எல்எஃப் (13, 10 இரண்டும்) என்று சொல்லிவிடு, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட் அதைத்தான் எதிர்பார்க்கும். அப்புறம் கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் ஆப்ஷனோடு முழு போல்டருக்கும் ஓட்டி, அதை மட்டும் தனி கமிட்டாக (ஒரு தொகுதி மாற்றத்தின் பதிவு) போடு. இந்தப் பைல் ரெப்போவுக்குள்ளேயே (புராஜெக்ட்டின் கிட் களஞ்சியம்) இருப்பதால் யார் இன்ஸ்டால் செய்யும்போது என்ன தட்டினார்கள் என்பது இனி பொருட்டில்லை.

அதுவரைக்கும், கிட்ஹப்பில் மாற்றங்களைக் காட்டும் டிஃப் பக்கத்தில் வைட்ஸ்பேஸை மறைக்க ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே 640 போய் அந்தச் சில வரிகள் மட்டும் நின்றிருக்கும். பைத்தானில் இண்டென்ட் (வரித் தொடக்கத்து இடைவெளி) மாறினாலே அர்த்தம் மாறும் என்பதால் எப்போதும் அதையே நம்பி இருக்காதே.


குழித்துறை வண்டி பதில்:

மேலே அண்ணன் சொன்னது சரி, முதலில் அதைச் செய். ஆனால் அதோடு நிறுத்தினால் இரண்டு ஸ்பேஸ் நாலு ஸ்பேஸ் சண்டை அடுத்த மாதம் திரும்ப வரும்.

நீ ஷீட்டுக்கடைப் பையன், உனக்குச் சொன்னால் புரியும். பாலை யார் வெட்டினாலும், எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தாலும், டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விட்டு உறைந்ததும் ரோலரில் கொடுத்தால் வெளியே வருகிற ஷீட்டில் கோடு எல்லாம் ஒரே இடைவெளியில்தானே விழும்? "என் ஷீட்டுக்கு வேற மாதிரி கோடு வேணும்" என்று யாரும் ரோலரோடு சண்டைக்கு நிற்பதில்லை. ஃபார்மேட்டர் அந்த ரோலர். பைத்தானுக்கு பிளாக் அல்லது ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர். மூன்றுமே வேண்டுமென்றே ரொம்பக் கொஞ்சம் செட்டிங்தான் தரும். பிளாக்கில் ஒரு வரிக்கு 88 எழுத்து, இரட்டை மேற்கோள், நாலு ஸ்பேஸ். பிரிட்டியரில் 80 எழுத்து, இரண்டு ஸ்பேஸ். எனக்கு அந்த 88 பிடிக்காது. ஆனால் அதைப் பற்றிப் பேசி வருஷங்களாகிறது, அதுதான் லாபம். கோ மொழியில் ஆரம்பத்தில் இருந்தே கோஃபம்ட் என்று ஒன்று கூடவே வரும், அதன் ஸ்டைல் யாருக்கும் பிடித்தமானது இல்லை ஆனால் கோஃபம்ட் எல்லோருக்கும் பிடித்தமானது என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் வேடிக்கையாகச் சொன்னது இதைத்தான்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. ஒரேயடியாகச் செய். தொடுகிற பைலை மட்டும் செய்கிறேன் என்று போனால் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் உண்மையான மாற்றமும் ஸ்பேஸ் மாற்றமும் கலந்து வரும், நீ இப்போது மாட்டிக்கொண்ட அதே குழிதான். நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இருந்தபோது (தினமும் குழித்துறையில் ரயில் ஏறிப் போய்வந்த காலம்) அங்கே அப்படித்தான் ஒன்றரை வருஷம் இழுத்தார்கள். பாதி பைல் புது ஸ்டைல், பாதி பழசு, எது எது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு நாள் ஒருவர் பொறுமை இழந்து, யாரிடமும் சொல்லாமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழு ரெப்போவையும் ஃபார்மேட் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திங்கள்கிழமை காலையில் பதினோரு பேருடைய பிராஞ்ச்சும் (அவரவர் தனியாக எழுதிவந்த கிளை) மோதல். அந்த வாரம் யாரும் ஒரு வரி புதிதாக எழுதவில்லை, மோதலைத் தீர்த்ததுதான் வேலை. ஆகவே செய்வதும் ஒரேயடியாக, சொல்லிவிட்டுச் செய்வதும் முக்கியம்.

ஒரு நாள் குறித்துக்கொள். அதற்கு முன்னால் திறந்து கிடக்கிற புல் ரிக்வெஸ்ட் எல்லாவற்றையும் மெர்ஜ் செய்துவிடு, இல்லையென்றால் மூடிவிடு. அன்றைக்கு வரி முடிவு ஒரு கமிட், செட்டிங் பைல்கள் ஒரு கமிட், ஃபார்மேட்டர் ஓட்டிய விளைவு மட்டும் ஒரு கமிட். அந்த மூன்றாவதில் ஒரு எழுத்துக்கூட கையால் மாற்றாதே, "போகிற போக்கில் இந்தப் பிழையையும் சரிசெய்துவிடலாம்" என்று தோன்றும், கையைக் கட்டிக்கொள். ஓட்டும்போது பயப்பட வேண்டாம், பிளாக் தானாகவே முன்னும் பின்னும் கோடின் அமைப்பை ஒப்பிட்டுப் பார்த்து, அர்த்தம் மாறினால் எழுதாமல் நின்றுவிடும்.

பெங்களூர் அண்ணன் பாதி வேலையில் ஒரு பிராஞ்ச் வைத்திருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை அவர் பிராஞ்ச்சில் மெர்ஜ் செய்யட்டும், பிறகு அதே ஃபார்மேட்டரை அவர் பக்கத்தில் ஓட்டி கமிட் போடட்டும், அப்புறம் ஃபார்மேட் கமிட்டை மெர்ஜ் செய்யும்போது ஸ்ட்ராட்டஜியை அவர்ஸ் (நம் பக்கத்தையே வைத்துக்கொள்) என்று கொடுத்தால் மோதலே வராது. இரண்டு பக்கமும் ஒரே ரோலரில் போனதால் உள்ளடக்கம் ஏற்கனவே ஒத்துப்போயிருக்கும்.

அப்புறம் பிளேம். இந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று கேட்டால் இனி எல்லா வரிக்கும் ஃபார்மேட் செய்தவன் பெயர்தான் வரும் என்று பலர் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான், ஆனால் 2019-இல் வந்த கிட் 2.23-இல் இருந்து அதற்குத் தீர்வு இருக்கிறது. புள்ளி கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற பெயரில் ஒரு பைல் வைத்து அதில் அந்த கமிட்டின் முழு எண்ணை ஒட்டிவிடு. கிட்ஹப் அந்தப் பெயரைப் பார்த்ததும் தானாகவே தாண்டிப் போகும். அவரவர் மெஷினில் மட்டும் கிட் கான்ஃபிக்கில் இந்தப் பைலை ஒரு முறை காட்டிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்றை மறந்துவிடாதே, வெர்ஷன். நாலு பேரும் ஒரே வெர்ஷன் வைக்க வேண்டும், எண்ணை பைலில் எழுதிக் கட்டிப்போடு. பிளாக் ஒரு வருஷத்துக்குள் ஸ்டைலை மாற்றாது, ஆனால் ஜனவரியில் சின்னச் சின்ன மாற்றம் வரும். பிரிட்டியரும் 2023-இல் 3.0 வந்தபோது கடைசிக் கமா போடுகிற பழக்கத்தை மாற்றியது. ஒருவர் பழசு ஒருவர் புதுசு வைத்திருந்தால் ஒரே வரியை இவர் அங்கே தள்ள அவர் இங்கே தள்ள, பல்லாங்குழிதான்.


தோவாளை மொட்டு பதில்:

எதிர்த்துப் பேச ஒரு ஆளாவது வேண்டாமா, நான் வருகிறேன். நாலு பேர், மூன்று கடை. இதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா? எடிட்டர்கான்ஃபிக் பைல் ஒன்று வைத்தால் முக்கால் பிரச்சினை அங்கேயே முடியும். இண்டென்ட் எத்தனை, டேபா ஸ்பேஸா, வரி முடிவு எது, வரிக் கடைசியில் தொங்குகிற ஸ்பேஸை வெட்டவா, எழுத்து யூடிஎஃப்-8-ஆ, எல்லாம் பத்து வரியில் எழுதிவிடலாம். பைசார்ம் அதைத் தானாக வாசிக்கும், விஎஸ் கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும், விம்மில் புது வெர்ஷன் என்றால் பிளகின் கூடவே வருகிறது. யாருடைய கோடையும் இது திருத்தி எழுதாது, அதனால் யாருக்கும் கோபமும் வராது. மார்க்டவுன் பைலுக்கு மட்டும் தொங்குகிற ஸ்பேஸை வெட்டுவதை அணைத்துவிடு, அங்கே கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரியை உடைக்கச் சொல்வதாக அர்த்தம். மேக்ஃபைல் இருந்தால் அதற்கு டேப் கட்டாயம், யாமலில் டேப் கூடவே கூடாது.

நாகர்கோவில் தம்பியையும் முழுசாகத் தள்ளிவிடாதீர்கள். டேப் வைத்தால் அவரவர் எடிட்டரில் அகலத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம், பார்வைக் குறைவு உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வேலை செய்யும்போது அது பெரிய உதவி. லினக்ஸ் கெர்னலே டேப்தான், எட்டு அகலம். கோஃபம்ட்டும் டேப்தான். பைத்தானில் மட்டும் நான் ஸ்பேஸ் பக்கம், பெப் 8 (பைத்தானின் ஸ்டைல் வழிகாட்டி) சொல்கிறது என்பது பாதிக் காரணம், மீதிக் காரணம் டேபும் ஸ்பேஸும் குழம்பிக் கிடந்தால் பைத்தான் 3 ஓடவே மறுத்துவிடும்.

விலைப்பட்டியல் பற்றி: ஆமாம், கலையும். தம்பி அடுக்கி வைத்த இடைவெளி எல்லாவற்றையும் ஃபார்மேட்டர் ஒற்றை ஸ்பேஸாக்கிவிடும். எனக்கு இந்த மெஷின்கள்மேல் உள்ள வருத்தமே அதுதான். நெடுக்காகப் பார்த்தால் ஆர்எஸ்எஸ் 4-க்கு (புகைபோட்ட ஷீட்டின் கிரேடு, எண் கூடினால் தரம் குறைவு) போட்ட விலை ஆர்எஸ்எஸ் 3-ஐவிடக் கூடிப்போனது சட்டென்று கண்ணில் படும். கலைத்துவிட்டால் படாது.


குழித்துறை வண்டி பதில்:

பட்டியல் விஷயத்தில் மொட்டு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்துக்கு மேலே பவுண்ட் குறி (#) போட்டு ஃபம்ட் ஆஃப் என்றும் கீழே ஃபம்ட் ஆன் என்றும் கமெண்ட் எழுதினால் பிளாக்கும் ரஃப்பும் நடுவில் உள்ளதைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்டில் பிரிட்டியர்-இக்னோர் என்று ஒரு கமெண்ட். ஆனால் ஒன்று கேட்கிறேன், தினமும் மாறுகிற விலை எதற்குக் கோடுக்குள் இருக்கிறது? கோட்டயம் ரப்பர் சந்தை ரேட்டு மாறும்போதெல்லாம் கமிட் போடுகிறீர்களா? அதைத் தனி சிஎஸ்வி பைலிலோ டேட்டாபேஸிலோ வைத்துவிட்டால் ஃபார்மேட்டருக்கு அங்கே வேலையே இல்லை, அப்பாவே திறந்து மாற்றலாம்.

எடிட்டர்கான்ஃபிக் மட்டும் போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது அரிசியை அளந்து போடும், சோறு வைக்காது. நீளமான ஃபங்ஷன் அழைப்பை எங்கே உடைப்பது, கமா எங்கே, மேற்கோள் எது, இதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டையும் வையுங்கள். பிரிட்டியர் எடிட்டர்கான்ஃபிக்கையும் வாசித்துக்கொள்ளும், பிளாக் வாசிக்காது.


முட்டம் அலை பதில்:

நான் காலேஜில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. உங்கள் சாப்ட்வேரில் தமிழ் எழுத்து இருக்கும்தானே, பில்லில் "கிலோ", "கோட்டயம் விலை" என்றெல்லாம்?

"கோ" என்ற ஒரே எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, இல்லையென்றால் ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. கீபோர்டைப் பொறுத்து இரண்டில் எதுவும் வரலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, டிஃப்பில் மட்டும் "கோட்டயம்" போய் "கோட்டயம்" வந்ததாகக் காட்டும், தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இதை பிளாக்கும் சரிசெய்யாது பிரிட்டியரும் சரிசெய்யாது, ஏனென்றால் மேற்கோளுக்குள் இருப்பதை அவை உள்ளடக்கமாகத்தான் பார்க்கும். எங்கள் பிள்ளைகள் ஒருமுறை பெயர் தேடுகிற ஃபங்ஷன் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள், காரணம் இதுதான். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று இருக்கிறது, என்எஃப்சி (துண்டுகளை ஒன்றாகச் சேர்த்த வடிவம்) கொடுத்து ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கமிட்டுக்கு முன் ஓடுகிற ஹூக்கில் இதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்டை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

கூடவே, யூடிஎஃப்-8 என்று சொல்லும்போது பிஓஎம் இல்லாதது என்று உறுதி செய்யுங்கள். பைல் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று பைட் உட்கார்ந்திருக்கும், நேரடியாக ஓட்டுகிற ஸ்கிரிப்ட் பைலில் அது இருந்தால் லினக்ஸில் முதல் வரியே புரியாமல் போகும்.

ஹூக் என்றதும் ஞாபகம் வருகிறது, ரெப்போவை குளோன் (நகல்) செய்தால் ஹூக் கூடவே வராது. நாலு பேரும் தனித்தனியாக ஒருமுறை நிறுவ வேண்டும், ஒருவராவது மறப்பார். அதனால் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பிலேயே தானாக ஓடும் சோதனை) செக் ஆப்ஷனோடு ஃபார்மேட்டரை ஓட்டி, சீராக இல்லையென்றால் சிவப்பு காட்டும்படி வையுங்கள். அங்கே திருத்த வேண்டாம், சொன்னால் மட்டும் போதும்.


ஷீட்டுக்கடை பையன் பதில்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, நாலு பேரும் கூகிள் மீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டோம். வடசேரி அண்ணன் சொன்ன கட்டளையை ஓட்டினால் 23 பைல் சிஆர்எல்எஃப், நாலு பைல் மிக்ஸ்டு. அதில் இரண்டு நான் செய்தது. தக்கலை தோழியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவள் கேட்கச் சொல்லவில்லை, ஆனாலும்.

பைத்தானுக்கு ரஃப், முன்பக்கத்துக்கு பிரிட்டியர், எடிட்டர்கான்ஃபிக்கும் வைத்தோம். ஃபார்மேட் கமிட் தனி. பெங்களூர் அண்ணனுடைய பிராஞ்ச்சுக்கு அந்த அவர்ஸ் வழியைச் செய்தோம், முதல் தடவை முந்தைய கமிட்டை மெர்ஜ் செய்ய மறந்துவிட்டதால் நாங்கள் அந்த வாரம் எழுதியது எல்லாம் காணாமல் போய், மெர்ஜைத் திரும்பப் பெற்று மறுபடி வரிசையாகச் செய்தோம். வேறு யாராவது செய்தால் அந்த வரிசையை மாற்றாதீர்கள். விலைப்பட்டியலை சிஎஸ்வியாக வெளியே எடுத்துவிட்டேன், அப்பா எக்செலில் திறந்து நேற்று ஆர்எஸ்எஸ் 5 விலையை அவரே மாற்றினார்.

நேற்று நான் போட்ட புல் ரிக்வெஸ்ட் மூன்று வரி. அதில் ஒரு வரி தப்பு என்று நாகர்கோவில்காரன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டான். அவன் இப்போதும் டைப் செய்வது ஒற்றை மேற்கோள்தான், சேவ் கொடுத்ததும் இரட்டையாகிவிடுகிறது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான்.

இப்போது புதுச் சண்டை. ஒட்டுப்பாலுக்கு வேரியபிள் பெயர் அவன் ஒட்டுப்பால் என்பதையே ஆங்கில எழுத்தில் வைக்கிறான், தக்கலை தோழி ஸ்கிராப் என்கிறாள். கோடில் இரண்டும் இருக்கிறது. இதற்கும் எதாவது மெஷின் உண்டா?


வடசேரிவாசி பதில்:

இல்லை மக்களே. கடைச் சீட்டில் அப்பா என்ன எழுதுகிறாரோ அதை வை. சீட்டைப் பார்த்துக் கணக்குச் சரிபார்க்க வருகிறவருக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.